முறுக்கு டின்னுக்குக் கடவுச்சொல் கிடையாது

மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, இரகசிய ஆவணங்களை மின்னஞ்சலில் அனுப்புவதற்கு முன் எப்படிப் பாதுகாப்பது என்று உங்களுக்கு எழுதித் தரும்படி உங்கள் தலைவி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் வேலையை விட்டு இரண்டு தீபாவளி ஆகிறது. இப்போது என்னிடம் இருக்கும் ஒரே இரகசிய ஆவணம் என் இரத்தப் பரிசோதனை முடிவு. அதையும் என் மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். என்னிடம் போய் ஆலோசனை கேட்கிறார்களே என்று சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

எந்தப் பொத்தானை அமுக்கினால் கோப்பு பூட்டிக்கொள்ளும் என்பதை ஐ.டி. பிரிவு உங்களுக்குப் படம் போட்டு அனுப்பியிருக்கும். அதைப் படித்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வேலை இல்லை. பூட்டத் தெரிந்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்தைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். அதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

தலைப்பில் சிவப்பு எழுத்தில் 'மிக மிக இரகசியம்' என்று போட்டுவிட்டு அலுவலகம் முழுவதற்கும் நகல் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பைப் பூட்டி, அதே மின்னஞ்சலின் கடைசி வரியில் 'உங்கள் வசதிக்காகக் கடவுச்சொல் கீழே' என்று எழுதும் நல்ல மனசுக்காரர்களும் இருந்தார்கள். ஒருவர் எல்லாக் கோப்புக்கும் பெறுபவரின் பிறந்த தேதியையே கடவுச்சொல்லாகப் போடுவார். நம் ஆட்களில் பிறந்த தேதி யாருக்கு இரகசியமாக இருக்கிறது? கல்யாண வயதில் ஒருவர் இருந்தால் போதும், ஜாதகம் கிள்ளான் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். பிறந்த நிமிடம்வரை அதில் இருக்கும். இதை நான் சொன்னபோது அவர், "நம்மாளுங்க நல்லவங்க, அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க" என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரு மலாய் அம்மா தலைமையில் இருந்தார். மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பூட்டிய கோப்பை அனுப்பிவிட்டால் கடவுச்சொல்லை உடனே கொடுக்க மாட்டார். கீழே இறங்கிப் போய் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று குடித்து, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிப்பாப் ஒன்று சாப்பிட்டுவிட்டு வந்துதான் தொலைபேசியை எடுப்பார். எவ்வளவு பெரிய டத்தோ பட்டக்காரர் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தாலும் கரிப்பாப்புக்குத்தான் முதலிடம். நாங்கள் இதை ஏதோ பெரிய பாதுகாப்பு முறை என்று நினைத்து மரியாதையோடு பின்பற்றினோம். ஒருநாள் காரணம் கேட்டேன். பசிக்கிறது, வேறென்ன என்றார். ஆனாலும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எனக்கும் கரிப்பாப் பிடிக்கும். அந்தப் பசி ஒரு பெண்ணைக் காப்பாற்றிய கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் ஒரு சரக்குக் கம்பெனியில் மனிதவள அதிகாரி. தலைமை அலுவலகம் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில், சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. கிடங்கு கிள்ளானைத் தாண்டிக் காப்பாரில். கிடங்கை ஆண்டவர் ஒரு மேனேஜர். ஆண்டவர் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். கோவில் திருவிழாவுக்கு நன்கொடை, பந்து விளையாட்டுக்குக் கோப்பை, எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கும். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'.

கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டையெல்லாம் மேனேஜர் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தார். அது சட்டப்படி குற்றம். அவர் இப்படிச் செய்வது எங்களுக்குத் தெரியவே தெரியாது. மீனா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மீனா அந்தக் கிடங்கின் அலுவலகத்தில் கிளார்க். உள்ளூர்ப் பெண், காப்பாரிலேயே அம்மாவோடும் அண்ணனோடும் இருந்தாள். அண்ணன் அதே கம்பெனிக்கு லோரி ஓட்டினான். அவனுக்கு அந்த ஓட்டத்தைக் கொடுத்தவரும் மேனேஜர்தான், நினைத்தால் பிடுங்கக்கூடியவரும் அவர்தான். இத்தனையும் தெரிந்தே அவள் என்னைத் தேடி வந்தாள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருடைய அப்பா இறந்துபோயிருக்கிறார். ஊருக்குப் போகப் பாஸ்போர்ட் கேட்டபோது, ஸ்டாக் கணக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த மனிதர் சாமான் ஏற்றும் இடத்துக்குப் பின்னால் பலகை மேல் உட்கார்ந்து, அப்பாவின் காரியத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்ததை மீனா பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு தனக்குச் சோறு இறங்கவில்லை என்றாள். என் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது அக்கா என்று கேட்டாள். வராது என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் பிரிவில் தினேஷ் என்று ஒருவர் இருந்தார். சட்டம் படித்தவர், சுத்தமான வேலைக்காரர், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. மீனா சொன்னதைச் சுருக்கி மேனேஜருக்கு அனுப்பி விளக்கம் கேட்பது என்று முடிவாயிற்று. தன் மேல் என்ன புகார் என்று தெரியாமல் ஒருவர் பதில் சொல்ல முடியாதல்லவா, அது நியாயம்தான். பெயரை மறைக்கும் பொறுப்பு தினேஷிடம் போனது. முதலில் அவர் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போட்டுக் கொண்டுவந்தார். நான் அந்தப் பட்டையைப் பிரதி எடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினேன், பெயர் பளிச்சென்று வந்து நின்றது. தினேஷின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு பெயரை நிஜமாகவே அழித்துவிட்டு அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளைப் போட்டார். கோப்பின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய திருத்தங்களையும் துடைத்தார். கடவுச்சொல் போட்டுப் பூட்டினார். ஒரு காலை நேரத்தில் அனுப்பிவிட்டு இருவரும் நிம்மதியாகத் தேநீர் குடிக்க இறங்கினோம். கடவுச்சொல்லைத் திரும்பி வந்து தொலைபேசியில் சொல்வதாக ஏற்பாடு.

கடையில் உட்கார்ந்து முதல் வாய் குடிப்பதற்குள் என் கைப்பேசி அடித்தது. பார்சல் கொண்டுவந்தவர். கீழே கடையில்தான் இருக்கிறேன் என்றதும் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். நம் ஆள்தான், கிள்ளான்காரர். நான் பெயர் சொல்வதற்கு முன்பே பார்சலை நீட்டினார்.

"எப்படித் தம்பி நான்தான்னு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் ஸ்டார் போட்டு மறைச்சிட்டானுங்க அக்கா. ஆனா நடுவுல ஏ/பி இருக்கு பாருங்க. உங்க மாடில ஏ/பி நீங்க ஒருத்தர்தானே லா."

அவர் சொன்னது சரி. எங்கள் மாடியில் மலாய்ப் பெண்கள் உண்டு, சீனப் பெண்கள் உண்டு, தினேஷைப் போல இந்திய ஆண்கள் உண்டு. இந்தியப் பெண் நான் ஒருத்திதான். நம் அடையாள அட்டையில் நமக்கு மட்டும் இப்படி ஒரு வால் உண்டே. பெண்ணின் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவில், மலாய் மொழியில் இன்னாரின் மகள் என்பதன் சுருக்கமாக ஏ/பி வரும், மகன் என்றால் ஏ/எல் வரும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் இது கிடையாது. பிறந்ததிலிருந்து நம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதால் அது நம் கண்ணிலேயே படுவதில்லை. கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி தெரியாத மாதிரிதான்.

தினேஷ் கரிப்பாப்பைத் தட்டில் வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் புரிந்துவிட்டது. கைப்பேசியில் கோப்பைத் திறந்து பார்த்தோம். முதல் பக்கத்தில் நட்சத்திரங்கள், ஏ/பி, மறுபடியும் நட்சத்திரங்கள். மீனாவின் பெயரையும் அவள் அப்பாவின் பெயரையும் அவ்வளவு அக்கறையாக அழித்தவர் நடுவில் இருந்த அந்த இரண்டு எழுத்தையும் அப்படியே விட்டுவிட்டார். காப்பார் கிடங்கு முழுவதிலும் ஏ/பி ஒருத்திதான்.

சரியாக அந்த நேரத்தில் மேனேஜர் தினேஷைக் கூப்பிட்டார். தினேஷ் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி ஹலோ என்றேன்.

"என்ன அக்கா, பூட்டி அனுப்பிட்டு சாவி குடுக்க மாட்டேங்கிறீங்க? நான் என்ன திருடனா?"

இந்தக் கேள்விக்கு என் மனதில் வந்த பதிலை இங்கே எழுத முடியாது. டீ குடித்துக்கொண்டிருக்கிறேன் பாஸ், முடித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். கோப்பில் தவறு நேர்ந்துவிட்டது, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் அதைப் பத்து இடத்தில் பத்திரப்படுத்தியிருப்பார். ஒருவர் பார்க்கக் கூடாத ஒன்றை அவரிடமே போய்ப் பார்க்காதே என்று சொல்வதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. மின்னஞ்சலைத் திரும்பப் பெறும் பொத்தானும் அதே வேலையைத்தான் செய்கிறது. இன்னார் இந்த மின்னஞ்சலைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று தாரை தப்பட்டையோடு ஓர் அறிவிப்புப் போகும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவரும் எழுந்து படிப்பார். சத்தமில்லாமல் அந்த மின்னஞ்சலை நீக்க முடியுமா என்று ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போட்டோம். உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று மறுநாள் பதில் வந்தது.

கடவுச்சொல் நம்மிடம்தானே இருக்கிறது, கோப்பு அவரிடம் இருந்தால் இருக்கட்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு தினேஷிடம் திரும்பினேன்.

"என்ன பாஸ்வர்ட் போட்டீங்க?"

அவர் தே தாரிக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் கார் நம்பர் அக்கா."

அதற்கு முந்தின மாதம் ஒரு வேலையாகக் காப்பாருக்குப் போனபோது தினேஷ் தன் காரைச் சாமான் ஏற்றும் வாசலை அடைத்தபடி நிறுத்திவிட்டார். வெளியே வந்த லோரி நகர முடியாமல் நின்றது. மேனேஜர் ஒலிபெருக்கியில் அந்தக் கார் எண்ணைத் திரும்பத் திரும்பக் கூவினார். கிடங்கு முழுக்கச் சிரித்தது. அன்று சாயங்காலம் அந்த எண்ணை நாலு நம்பர் லாட்டரியில் எடுத்தவர்கள்கூட உண்டாம். விழவில்லை. விழுந்திருந்தால் அந்த எண்ணைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், நாம் அதோடு தொலைந்தோம்.

இதுபோன்ற நேரத்தில் மேலிடத்துக்கு ஓட வேண்டும் என்றுதான் கால் துடிக்கும். டைரக்டரிடம் சொல், வழக்கறிஞரைக் கூப்பிடு, நம் மேல் பழி வராமல் பார். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், எனக்குத் தெரியும். நானும் எழுந்து இரண்டு எட்டு வைத்தேன். பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. வாக்குக் கொடுத்தது மீனாவுக்கு. அடி விழப்போவதும் அவளுக்குத்தான். அவளுக்கே தெரியாமல் அவளைப் பற்றி நாங்கள் மூன்று பேர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து முடிவெடுப்பது எந்த ஊர் நியாயம்? முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏற்கெனவே பேசிவைத்திருந்தபடி 'அம்மா எப்படி இருக்காங்க?' என்று ஒரு செய்தி அனுப்பினேன். சற்று நேரத்தில் அவள் வெளியே வந்து கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் திட்டவில்லை. "ஏ/பி-ய விடுங்க அக்கா. முறுக்கு டின்ன பத்தி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எழுதியிருந்தோம். பாஸ்போர்ட்டுகள் மேனேஜர் அறை இரும்பு பீரோவின் மேல் தட்டில், ஒரு முறுக்கு டின்னில் இருக்கின்றன என்று தெளிவாக, தடித்த எழுத்தில் எழுதியிருந்தோம். ஆதாரம் என்றால் துல்லியமாக இருக்க வேண்டும் என்று தினேஷுக்கு அதில் தனிப் பெருமை.

"அது எங்க வீட்டு டின்னு அக்கா. தீபாவளிக்கு அம்மா சுட்டுக் குடுத்தாங்க. முறுக்க தின்னுட்டு டின்ன அவரு வெச்சுக்கிட்டாரு. பீரோ சாவியும் என்கிட்டதான் இருக்கு. அந்த டின்னுல என்ன இருக்குன்னு அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

ஏ/பி-யைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பதறிக்கொண்டிருந்தோம். ஏ/பி இல்லாமல் போயிருந்தாலும், உலகத்திலேயே கெட்டியான பூட்டைப் போட்டு, முறைப்படி கடவுச்சொல் கொடுத்து அவரைத் திறக்க வைத்திருந்தாலும், முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கு மீனாவைத் தெரிந்திருக்கும். பெயரை மட்டும் அழித்துவிட்டு அவளுக்கு மட்டுமே தெரிந்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தோம். அந்த ஆவணத்தைப் பாதுகாக்க வழியே இல்லை. அனுப்பியதே தப்பு.

மீனா அழவில்லை. "இப்ப என்ன பண்றது அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த பயம் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் ஓட்டும் லோரியை நினைத்தாளோ, அம்மாவை நினைத்தாளோ தெரியவில்லை. நீ உள்ளே போய் வழக்கம்போல வேலையைப் பார், நான் அங்கே வந்தால் என்னைத் தெரிந்ததாகக் காட்டாதே என்றேன்.

பிறகுதான் டைரக்டரிடம் போனேன். சீனர், அதிகம் பேசாதவர், கோப்பைவிட ஆளை நேரில் பார்ப்பதை நம்புகிறவர். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நம் கம்பெனி பீரோவை நாம் திறந்து பார்க்க யாருடைய வாக்குமூலம் வேண்டும்? அவர் சற்று யோசித்தார். யாருடையதும் வேண்டாம் என்றார். அப்படியானால் போய்ப் பார்ப்போம், நம் கண்ணால் பார்த்ததையே குற்றச்சாட்டாக எழுதுவோம், வேறு யாரையும் இதில் இழுக்க வேண்டாம் என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். மேல் தட்டுக்கு நேராகக் கை போகக் கூடாது. கீழிருந்து வர வேண்டும், எதைத் தேடுகிறோம் என்று நமக்கே தெரியாத மாதிரி.

தினேஷ் காரை எடுத்து வாசலில் நிறுத்தினார். டைரக்டர் முன்னால் ஏறினார், நான் பின்னால் ஏறினேன். கார் பெடரல் நெடுஞ்சாலையைத் தொடும் நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் கடவுச்சொல்லை ஓட்டிக்கொண்டு அவரிடமே போய்க்கொண்டிருந்தோம். மேனேஜரின் அறை ஜன்னல் வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருக்கும் என்பது மூவருக்கும் தெரியும். நான் சொன்னதும் தினேஷ் காரின் வேகத்தைக் குறைத்தார். டைரக்டர் அன்றுதான் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன். திரும்பி வந்து என் பழைய காரில் போனோம். குளிர்சாதனம் வேலை செய்யாத கார். டைரக்டர் காப்பார்வரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தார்.

அறைக்குள் நுழைந்தபோது மேனேஜரின் கணினித் திரையில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி திறந்தே இருந்தது. பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி எழுதி அடித்திருந்தார். கம்பெனி பெயர், அவருடைய அடையாள அட்டை எண், டைரக்டரின் பெயர், தினேஷின் குழந்தையின் பெயர். குழந்தையின் பெயர்வரை வந்துவிட்டார் என்றால் அடுத்தது என்ன என்று தினேஷுக்கும் எனக்கும் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டைரக்டர் பீரோவைத் திறக்கச் சொன்னார். கம்பெனி சாமான்களைப் பார்க்க வேண்டுமாம். மேனேஜர் சாதாரணமாக, "மீனா, சாவி கொண்டா" என்று குரல் கொடுத்தார். அவள் வந்தாள், திறந்தாள், ஓரமாக நின்றாள். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கீழ்த் தட்டிலிருந்து ஆரம்பித்தோம். பழைய ரசீதுக் கட்டுகள், உடைந்த மேசை விசிறி, மழைக்கோட்டு, யாரோ ஜெயித்த கோப்பை. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, பார்த்து, தூசி தட்டி, தினேஷ் குறித்துக்கொண்டார். மேல் தட்டுக்கு வந்தபோது மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

"அது வெறும் முறுக்கு லா பாஸ். தீபாவளிக்கு வந்தது."

தீபாவளி முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. டைரக்டர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், நல்லது, எனக்குப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அது நாங்கள் காரில் பேசிவைத்ததில் இல்லை. பசி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புவான் நினைவு வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவதுபோல வெளியே பார்த்தேன். டின்னைத் திறந்தார். உள்ளே நீல நிறப் பாஸ்போர்ட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு இருந்தன.

பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் பாஸ், இவர்கள் தொலைத்துவிடுவார்கள் என்று மேனேஜர் ஏதேதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. அங்கேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தோம். அப்பாவை இழந்த அந்தப் புதுக்கோட்டைக்காரர் தன்னுடையதை வாங்கி, படம் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். நன்றி என்று சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்குத் தேவைப்பட்ட நாளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஏதோ கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம்.

மேனேஜரை அன்றே வேலைநீக்கம் செய்யவில்லை, முறைப்படி இடைநீக்கம் செய்தோம். கம்பெனிக் கணினியை வாங்கிக்கொண்டோம், மின்னஞ்சல் கணக்கை மூடினோம். புதிய குற்றச்சாட்டுக் கடிதத்தில் நாங்கள் மூவரும் பார்த்தது மட்டுமே இருந்தது. அதைப் பூட்டக்கூட இல்லை, பூட்ட வேண்டியது எதுவும் அதில் இல்லை. விசாரணை முடிந்து அவர் போனார். அண்ணனின் லோரி ஓட்டம் போகவில்லை, புது மேனேஜர் அதைத் தொடர்ந்தார். தினேஷ் சில மாதத்தில் வேறு கார் வாங்கினார். குடும்பம் பெரிதாகிவிட்டது என்று காரணம் சொன்னார், நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். டைரக்டர் முறுக்கு தின்னப் போய் மேனேஜர் மாட்டிக்கொண்ட கதையாக அது காப்பார் முழுக்கப் பரவியது. அவர் அதை மறுக்கவே இல்லை. மனிதர் பெரிய மனசுக்காரர்.

டின் விசாரணைப் பொருளாகி எங்கள் அலமாரிக்குப் போனது. அது தன் வீட்டு டின் என்று மீனாவால் வந்து கேட்க முடியாது. அம்மா அவ்வப்போது கேட்பாராம், நல்ல டின் ஆயிற்றே, யாருக்குக் கொடுத்தாய் என்று. நான் ஒரு புது டின் வாங்கிக் கொடுத்தேன். மூடி அவ்வளவு இறுக்கமாக இல்லை என்று அம்மா குறை சொன்னாராம்.

ஆக, தம்பி தங்கைகளே, ஒரு கோப்பை அனுப்பப்போகும்போது பெயர் போய்விட்டதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பெறுகிறவர் இடத்தில் போய் உட்கார்ந்து, இதை யார் சொல்லியிருக்க முடியும் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அப்படிப் படித்தபின் இதை அனுப்பத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அனுப்புங்கள், கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கு முன் கீழே போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோது மீனா ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். மேனேஜர் வீட்டிலிருந்து அவளுக்குப் பேசினாராம். கிடங்கில் தனக்கு நம்பிக்கையான ஆள் அவள் ஒருத்திதான் என்றாராம். தன்னைப் பற்றி மேலே சொன்னது யார் என்று இரகசியமாகக் கண்டுபிடித்துச் சொல்லச் சொன்னாராம்.

"நீ என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"சரி பாஸ், பாக்குறேன்னு சொன்னேன் அக்கா."

இதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது காப்பார் பக்கம் போய் விசாரிக்கலாம் என்று நினைக்கலாம். ஏ/பி யார், டின் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசை வருவது இயல்புதான். அவள் பெயர் மீனா இல்லை. அது முறுக்கு டின்னும் இல்லை, ஊரும் காப்பாராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் சிரமப்பட்டுத் தேட வேண்டாம். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள், அவள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.